அக்காவுக்கு, அட்லாண்டிக் சிட்டியிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

போனில் பேசும்போது “எந்நேரமும் சீட்டும் கையுமா இருக்கியாமே” என்று கேட்டாய். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கணக்கு டீச்சர் நீ, படித்தால் உனக்கே ஆசை வரும். அப்பாவிடம் முதலில் சொல்லிவிடு: எங்கள் மேஜையில் சீட்டு மட்டும்தான் இருக்கிறது, பணம் இல்லை.

இது கடலோர ஊர். கரையை ஒட்டி மரப்பலகை போட்ட நடைபாதை மைல் கணக்கில் போகிறது. 1978-ல் கேசினோ என்கிற சூதாட்ட விடுதி வந்ததிலிருந்து ஊரின் பிழைப்பே அதை நம்பித்தான். எனக்கு ஹோட்டலில் இரவு வேலை. குளிர்காலத்தில் தூங்கி எழுந்தால் சாயங்காலம் ஐந்துக்கே இருட்டிவிடுகிறது, வெளியே போக மனசு வருவதில்லை. என்னோடு தங்கியிருக்கும் நண்பர், பிளாக்ஜாக் என்கிற சீட்டாட்டத்தில் கேசினோ சார்பாகச் சீட்டுப் போடும் டீலர். அவர்தான் கற்றுக்கொடுக்கிறார்.

ஆட்டம் எளிது. சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் டீலரைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டும். படச்சீட்டு எல்லாம் 10, ஏஸ் ஒன்று அல்லது 11. டீலர் தன் இஷ்டத்துக்கு ஆட முடியாது; 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். அப்படியும் கேசினோ எப்படி ஜெயிக்கிறது? நாம் முதலில் ஆடுகிறோம். நாம் 21-ஐத் தாண்டினால் அந்த நொடியே பணம் போய்விடும், அப்புறம் டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது. அவர்களுடைய லாபத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

1956-ல் அமெரிக்க ராணுவத்தின் அபர்டீன் சோதனைத் தளத்தில் இருந்த பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மாட் என்ற நான்கு பேர், மேஜைக் கணக்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு எந்தக் கைக்கு எது சரி என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதைத்தான் பேசிக் ஸ்ட்ராட்டஜி என்கிறார்கள். அந்த அட்டவணையை நான் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். நம்மிடம் 12, டீலர் திறந்து காட்டும் ஒரு சீட்டு 4, 5, 6 என்றால் எடுக்கக் கூடாது. 5, 6 காட்டும் டீலர் நூற்றுக்கு நாற்பது தடவைக்கு மேல் தாண்டிவிடுவார். அதே 12-க்கு எதிரே 2, 3 இருந்தால் எடுக்க வேண்டும். இரண்டு 8 வந்தால் இரண்டு தனிக் கையாகப் பிரி, இரண்டு 10 வந்தால் தொடாதே. மனசுக்குக் கஷ்டமானது 16-க்கு எதிரே 10. எடுத்தாலும் பெரும்பாலும் தோல்விதான், ஆனால் எடுத்தால் நஷ்டம் கொஞ்சம் குறைவு. பயத்தைக் கேட்காமல் கணக்கைக் கேட்டு கையை நீட்ட வேண்டியிருக்கிறது. வாய்ப்பாடு மாதிரி இதெல்லாம் தானாக வந்துவிட்டால், நல்ல விதிகள் உள்ள மேஜையில் கேசினோவுக்கு நூற்றுக்கு அரைதான் மிஞ்சும். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் அந்தக் கைக்கும் பிளாக்ஜாக் என்றே பெயர். அதற்கு இரண்டுக்கு மூன்று என்று தராமல் ஐந்துக்கு ஆறு தரும் மேஜை இருக்கிறது, அந்தப் பக்கமே போகக் கூடாது.

வந்துபோன சீட்டுகளை எண்ணுவது இதற்கு அப்புறம்தான். எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962-ல் உலகத்துக்குச் சொன்ன விஷயம் இது. போன சீட்டு திரும்பி வராது, அதனால் மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கலாம். நாங்கள் பழகுவது ஹை-லோ முறை. 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டு. 10, படச்சீட்டு, ஏஸ் வந்தால் ஒன்று கழி. 7, 8, 9-ஐ விட்டுவிடு. பெரிய சீட்டு நிறைய மிஞ்சினால் நமக்கு நல்லது. பிளாக்ஜாக் அடிக்கடி வரும், அது வந்தால் நமக்கு ஒன்றரை மடங்கு. கட்டாயமாக எடுக்கிற டீலரும் அடிக்கடி தாண்டுவார்.

பயிற்சி இப்படி. ஒரு கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பார்க்காமல் குப்புற வைத்துவிட்டு, மற்றதை இரண்டு இரண்டாகப் புரட்ட வேண்டும். ராஜாவும் ஐந்தும் சேர்ந்து வந்தால் கண் நிற்கவே கூடாது, இரண்டும் சரிக்குச் சரி. முழுக் கட்டின் கூட்டுத்தொகை பூஜ்யம். ஆகவே கடைசியில் +1 என்று நின்றால், குப்புறக் கிடப்பது பெரிய சீட்டு. 30 வினாடிக்குள் முடித்தால்தான் நண்பர் தலையாட்டுவார். மேஜையில் ஆறு கட்டு என்றால், எண்ணிக்கையை மிச்சமிருக்கும் கட்டுகளால் வகுக்க வேண்டும். நான்கு கட்டு மிச்சமிருக்கையில் +8 வெறும் +2-தான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய அரை சதவீதம் நம் பக்கம் நகர்கிறது. அவ்வளவு சின்ன லாபம், மாதக்கணக்கில் தோற்கவும் செய்யலாம். இதை வைத்து வேலையை விட்டுவிடுவேன் என்று நீ பயப்பட வேண்டாம்.

மனசுக்குள் எண்ணுவது குற்றமில்லை, கருவி வைத்து எண்ணினால்தான் குற்றம். நெவாடா மாநிலத்தில் எண்ணுகிறவரைக் கேசினோ வெளியே அனுப்பலாம். நான் இருக்கும் இந்த மாநிலத்தில், சீட்டை எண்ணி ஆடிய கென் யூஸ்டன் என்பவர் வழக்குப் போட்டு, 1982-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் கேசினோ அப்படித் தானாக விலக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆனால் எண்ணினது வீணாகும்படி சீட்டை முன்கூட்டியே கலைத்துவிடுவார்கள்.

உன் வகுப்புக்கு ஒரு கணக்கு தருகிறேன். டீலர் ஏஸ் காட்டினால் “இன்ஷூரன்ஸ் வேண்டுமா” என்று கேட்பார். அது தனியாக வைக்கிற ஒரு பந்தயம். அவருடைய மறைந்த சீட்டு பத்தானால் இரண்டு மடங்கு கிடைக்கும். ஒரே கட்டு, அந்த ஏஸ் போக 51 சீட்டு, அதில் பத்து மதிப்புள்ளவை 16. 51 தடவை ஒவ்வொன்று வைத்தால், பத்து வரும் 16 தடவையில் 32 லாபம், வராத 35 தடவையில் 35 நஷ்டம். வேண்டாம் என்பதே சரி. நம் கையில் இரண்டு பத்து இருந்தால் கணக்கு எப்படி மாறும், பத்தே இல்லாவிட்டால் எப்படி மாறும் என்று பிள்ளைகளைப் போடச் சொல். யார் முதலில் போட்டார்கள் என்றும் எழுது.

அன்புடன்,
உன் தம்பி