சீம்பாலில் உள்ள சர்க்கரைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாய்ப்பாலைப் பற்றிய கட்டுரைகள் புரதத்தையும் நோய் எதிர்ப்புப் பொருள்களையும் விரிவாகச் சொல்லிவிட்டு, ஒலிகோசாக்கரைடுகள் எனப்படும் குறுஞ்சங்கிலிச் சர்க்கரைகளைக் கடந்துவிடுவது வருத்தம் அளிக்கிறது. லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் மிகுந்துள்ள திடப்பொருள் இவையே. சீம்பாலில் லிட்டருக்கு 20 கிராம் அளவுக்கும் இருக்கும், பசும்பாலிலோ மிகக் குறைவு. குழந்தையால் செரிக்க இயலாத இச்சர்க்கரைகள் பெருங்குடலை அடைந்து பிஃபிடோபாக்டீரியா என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு உணவாவதோடு, குடற்சுவரில் உள்ள சர்க்கரை அமைப்புகளை ஒத்திருப்பதால், அங்கே ஒட்டவரும் சில நோய்க்கிருமிகளைத் தம்மீது ஒட்டவைத்து வெளியேற்றவும் உதவுகின்றன. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் நீடிப்பதால், தங்கள் மருத்துவப் பக்கம் இதை விரிவாக வெளியிட வேண்டும். கர்ப்பிணிகளுடன் பரிசோதனைக்கு வரும் தாயிடமும் மாமியாரிடமும் செவிலியர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்