கிடங்குப் புகையையும் அளந்து சொல்லுங்கள்

மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

சேலத்தின் ஓரத்தில், எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் குப்பைக் கிடங்கில் இந்த மாசியிலும் தீப்பிடித்த செய்தி உங்களுக்கு வந்திருக்கும். தீயணைப்பு வண்டிகள் வந்தன, தண்ணீர் பீய்ச்சினார்கள், மேலே எரிந்த தீ அடங்கியது. குப்பைக்கு அடியில் கனன்றுகொண்டிருந்தது அடங்கவில்லை. இரவானால் புகை தெருவுக்குள் இறங்கியது.

என் மாமியாருக்கு ஆஸ்துமா. புகை இறங்கும் இரவுகளில் அவரால் படுக்க முடியாது. சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் தலையணைகளை அடுக்கி, அவற்றின்மேல் கைகளை ஊன்றியபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பார். சன்னல்களைச் சாத்திவிட்டு இடுக்குகளில் ஈரத்துணி செருகுகிறோம். அப்படியும் எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் உள்ளே வந்துவிடுகிறது. மின்விசிறியைப் போட்டால் இருமல் கூடுகிறது, நிறுத்தினால் புழுங்குகிறது. நெபுலைசர் வைத்த பிறகு சற்று நேரம் பேசுவார். அப்போதும் தன்னைப் பற்றிப் பேசமாட்டார், "பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிச்சா?" என்றுதான் கேட்பார்.

புகார் சொன்னபோது சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கிடைத்த பதில், அன்று நகரின் காற்றுத் தரம் "திருப்திகரம்" என்பது. பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். காற்றை அளக்கும் கருவி இருக்கும் இடத்தில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கருவி எங்கள் தெருவிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. காற்றுத் தரக் குறியீட்டில் நுண்துகள், அதாவது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசு, 24 மணி நேரச் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. நள்ளிரவிலிருந்து விடியல்வரை மூச்சை அடைக்கும் புகை, காற்றோட்டமுள்ள பகல் நேரத்தோடு கலந்து கணக்கில் கரைந்துபோகிறது.

எங்கள் ஊரின் அமைப்பையும் கருத்தில் கொள்ள வேண்டும். சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை எனச் சுற்றிலும் மலைகள். தெளிந்த வானமும் அசையாத காற்றுமுள்ள இரவில், குளிர்ந்த காற்று சரிவுகளில் இறங்கித் தாழ்வான நிலத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்பதால் புகை மேலெழ வழியில்லை. கடலோர ஊருக்குப் போடும் கணக்கு இங்கே செல்லாது.

ஆகவே கேட்கிறோம்: கிடங்கின் அருகே காற்றுத் தரக் கருவி வையுங்கள். மணிக்கு மணி அது காட்டும் அளவைத் தமிழில் வெளியிடுங்கள்.

பூமியைச் சூடாக்கும் பசுமைக் குடில் வாயுக்களைக் குறைப்பதில் மாநிலம் முன்னேறுகிறது என்கிறீர்கள். காற்றாலையிலும் சூரிய மின்சாரத்திலும் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் நிற்பதில் எனக்கும் பெருமை உண்டு. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் அமைத்ததும் நல்ல காரியம்தான். அந்த இயக்கத்தின் கண்ணில் இந்தக் கிடங்கு பட வேண்டாமா? காய்கறிக் கழிவும் சோறும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தை அது பிடித்துவைக்கிறது. உள்ளே தீ கனன்றுகொண்டே இருப்பதற்கும் அந்த வாயு ஒரு காரணம். எங்கள் நுரையீரலைக் கெடுப்பதும் பூமியைச் சூடாக்குவதும் ஒரே மேட்டிலிருந்து புறப்படுகின்றன. குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும், திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகச் சொல்லின. தரம் பிரித்துக் கொடுத்த குப்பை கிடங்கில் மறுபடி ஒன்றாகக் கொட்டப்படுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சொல்லத் தொடங்கினால் மனத்தாங்கல் நீள்கிறது. நகரங்களின் காற்று மாசைக் குறைக்க ஒன்றிய அரசு கொண்டுவந்த தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன, சேலம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாநகராட்சியின் மக்கள்தொகை 8,29,267. பத்து லட்சம் பேர் வாழும் நகரமாகி அந்தத் திட்டத்தில் சேரும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டுமா? அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் ஒன்றிய அரசு புதிய புகை விதிகளை அறிவித்தது. இரண்டு ஆண்டு என்று வைத்த கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகப் புகையை வடிக்கும் கருவியே வேண்டாம் என்றாகிவிட்டது. மேட்டூரில் 1,440 மெகாவாட் நிலக்கரி மின்சாரம் எடுக்கும் மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இது எப்படிப்பட்ட செய்தி என்று யோசித்துப் பாருங்கள். விதி போடுவதும் தளர்த்துவதும் எங்கோ நடக்கிறது, இருமுவது இங்கே நடக்கிறது.

தில்லியில் முடிவாகிறவற்றை நீங்கள் மாற்ற முடியாமல் இருக்கலாம். கிடங்கருகே ஒரு கருவி வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அளவு பதிவானால் எந்த இரவில் தீ மூண்டது, எவ்வளவு நேரம் புகைந்தது என்பது எழுத்தில் நிற்கும். யார் பொறுப்பு என்று கேட்கவும் முடியும். கிடங்கிலிருந்து வெளியேறும் மீத்தேனையும் மதிப்பிட்டு மாவட்டத்தின் உமிழ்வுக் கணக்கில் சேருங்கள். அதன் பிறகு முன்னேற்றம் என்று நீங்கள் சொல்வதை முழு மனத்தோடு ஏற்றுக்கொள்கிறோம்.

கோடை முற்றுவதற்குள் கருவியை நிறுவ ஆவன செய்யுமாறும், நிறுவும் தேதியை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேலத்தில் வசிக்கும் ஒரு குடும்பத் தலைவி