விபத்துக் கணக்கை வெளியிடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைரஸ் ஆய்வகங்களைக் கட்டுவதே நோயைப் பரப்பத்தான் என்று எங்கள் தெரு டீக்கடையில் அடித்துப் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களை விவரம் கெட்டவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

1973இல் செய்யாறு பக்கம் வீடு வீடாகப் போய் அம்மை குத்தியவன் நான். கவட்டை போலப் பிளந்த ஊசி முனையில் ஒரு சொட்டு மருந்து நிற்கும். கையில் பதினைந்து முறை குத்த வேண்டும். என் சைக்கிள் மணி கேட்டதும் ஒரு தாய் தன் மகனை நெற்குதிருக்குள் இறக்கி மூடிவிட்டாள். அன்று அவளைத் திட்டிவிட்டு வந்தேன். மறுவாரம் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, ஊசியை அவள் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். முதலில் எனக்கே குத்திக்கொண்டேன். பிறகு அவளே பிள்ளையைத் தூக்கி வந்தாள்.

இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் பிழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில், பர்மிங்காம் மருத்துவக் கல்லூரியில் படம் எடுக்கும் பணியில் இருந்த ஜேனட் பார்க்கர் பெரியம்மையால் இறந்தார். அவர் அறைக்குக் கீழ்த்தளத்தில்தான் அந்த வைரஸை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆய்வகத் தலைவர் பெட்சன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கிருமி எந்த வழியாக மேலே போனது என்பது இன்றும் உறுதியாகவில்லை. ஆனாலும் விசாரணை அறிக்கையை அச்சிட்டு ஊரறிய வெளியிட்டார்கள்.

சோவியத் நாட்டில் நடந்தது வேறு. 1979இல் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்து ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய நோயின் கிருமி காற்றில் கசிந்து குறைந்தது 66 பேர் மாண்டார்கள். கெட்ட இறைச்சி தின்றதால் வந்த சாவு என்று அரசு பல ஆண்டுகள் சாதித்தது. 1992இல்தான் ரஷ்ய அதிபர் எல்ட்சின் ராணுவமே காரணம் என்று ஒப்புக்கொண்டார். இப்படி ஒரு பொய் வெளிப்பட்ட பிறகு, எந்த நாட்டு ஆய்வகத்தைப் பார்த்தாலும் ஜனங்களுக்குச் சந்தேகம் வராதா?

ஆய்வகமே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. 2018இல் கேரளத்தைத் தாக்கியது நிபா வைரஸ் என்று உறுதி செய்ய நமக்குப் புணேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வகம் தேவைப்பட்டது. நான் கேட்பது ஒரு கணக்கு. என்னென்ன கிருமிகள் இருக்கின்றன, யார் பணம் தருகிறார்கள், கையுறை கிழிந்ததிலிருந்து குப்பி உடைந்தது வரை அந்த ஆண்டில் எத்தனை விபத்துகள் என்பதை ஒவ்வொரு ஆய்வகமும் ஆண்டுதோறும் தமிழ் உட்பட எல்லா மாநில மொழிகளிலும் வெளியிட வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
திருவண்ணாமலை