காய்ச்சலை அளந்து அனுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன். மேட்டூர் திறந்து குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நாற்றும் விட்டாயிற்று. மற்றதெல்லாம் பிறகு. உனக்கு இரண்டு நாளாகக் குளிர்காய்ச்சல் என்று மருமகள் வாய்தவறிச் சொன்னாள். நீ சொல்லவில்லை.

குதிரைலாட நண்டின் ரத்தத்தை வைத்து ஊசி மருந்தில் எண்டோடாக்சின் என்கிற கிருமி விஷம் இருக்கிறதா என்று பார்க்கிறவன் என் பிள்ளை. ஊரில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். உன் உடம்புக்கு ஒரு தெர்மாமீட்டர் வைக்க நேரமில்லையா? டாக்டரிடம் போ. இன்றைக்கே போ.

அத்தனை வருஷம் தடுப்பூசி போட்ட எனக்கே, நீ திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்ததைக் கேட்டுத்தான் விளங்கியது. எக்சோடாக்சின், கிருமி தன் உடம்பில் செய்து வெளியே விடுகிற புரதம். ஒவ்வொன்றும் ஓர் இடம் பார்த்து அடிக்கும். டெட்டனஸ் விஷம் தசையைத் தளர விடாது, தாடை பூட்டிக்கொள்ளும். பொட்டுலினம் விஷம் நேர்மாறு, தசை துவண்டுபோகும். காலரா விஷம் குடலிலிருந்து தண்ணீரை இறைக்கும். அதை 1959-இல் கல்கத்தாவில் நிரூபித்தவர் சம்புநாத் டே என்று நீதான் சொன்னாய். டெட்டனஸ் விஷத்தை ஃபார்மலினில் முறித்தால் அதுவே தடுப்பூசி.

எண்டோடாக்சினுக்கு அந்த வழி கிடையாது. கிராம் நெகட்டிவ் என்கிற வகைக் கிருமியின் வெளிச்சுவரிலேயே ஒரு பாகம் அது. கிருமி செத்து உடையும்போது கொட்டும், கொதிக்க வைத்தாலும் போகாது. எந்தக் கிருமியிலிருந்து வந்தாலும் குளிர், நடுக்கம், காய்ச்சல், பிறகு பிரஷர் இறங்கும். அதனால்தான் சொல்கிறேன், டாக்டரிடம் போ. குக்கரில் ராத்திரி வைத்த சோற்றையும் சூடாக்கிச் சாப்பிடாதே. அதில் ஊறும் வாந்தி விஷம் எக்சோடாக்சின்தான் என்றாலும் சூட்டுக்கு அசையாது.

அப்பா காலில் மண்வெட்டி பட்ட அன்று ஒரு மணி நேரத்தில் டிடி ஊசி போட்டேன். அப்புறம் தினம் காலையில் வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீர்க்கடுப்பு என்று அந்த வாரமே சொன்னார். சர்க்கரைக்காரர் என்று தெரிந்தும் இளநீர் வெட்டிக் கொடுத்ததோடு விட்டுவிட்டேன். கட்டில் ஆடும்படி நடுங்கினார். சேற்றில் நின்ற காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்து இரண்டு போர்வை போர்த்தினேன்.

காரியத்தன்று நீ கேட்டாய், "காய்ச்சல் எப்பம்மா வந்துச்சு?" என்று. "முதல் நாள் ராத்திரிதான்" என்றேன். இல்லை தம்பி. அதற்கும் இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 70-கூட இல்லை. சிறுநீரில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். நர்ஸாக இருந்தவள் நான். நீயும் படித்தவன், அன்றைக்கே கணக்குப் போட்டிருப்பாய்.

என்னோடு பேச மனசில்லை என்றால் பேச வேண்டாம். காய்ச்சல் எத்தனை டிகிரி, பிரஷர் எவ்வளவு, நீர் கடுக்காமல் போகிறதா, இந்த மூன்றை மட்டும் மருமகளிடம் சொல்லி அனுப்பு. ராத்திரி எந்நேரமானாலும் விழித்திருப்பேன்.

அம்மா
திருவையாறு