மூன்றாம் நாள் வரச் சொன்ன டாக்டர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து கிளினிக்கில் ஓயாத காய்ச்சல் கூட்டம், ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வந்தால் சாப்பிட்டுப் படுக்கத்தான் தெம்பு இருக்கிறது. இன்று ஞாயிறு, மதியத்துக்கு மேல் யாரும் வரவில்லை, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலிக்காக நீ காலை நடையை விட்டுவிட்டது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அதைப் போனில் பேசிக்கொள்ளலாம்.

பேரன் விஷயம்தான் முதலில். பையனுக்கு 102 காய்ச்சல், டாக்டர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், பாராசிட்டமால் சிரப் மட்டும் எழுதிக்கொடுத்து மூன்றாம் நாள் வாருங்கள் என்றார், ஊசி இல்லை, டெஸ்ட் இல்லை, இதற்கு 300 ரூபாயா என்று கோபமாக எழுதியிருந்தாய். மறுநாளே வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே ஆன்டிபயாடிக் ஊசி இரண்டு நாள் போட்டு, நாலாம் நாள் பையன் விளையாட ஆரம்பித்துவிட்டான், ஆகவே இரண்டாவது டாக்டர்தான் கைராசிக்காரர் என்பது உன் முடிவு. நண்பா, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. மூக்கு ஒழுகுகிறது, இருமல், வகுப்பில் இன்னும் நாலு பிள்ளைகளுக்கு அதே மாதிரி என்று நீயே எழுதியிருக்கிறாய். அது வைரஸ் சளிக்காய்ச்சல், ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது, மூன்று நாலு நாளில் உடம்பே அதை விரட்டிவிடும். 2023 மார்ச்சில் ஊரெங்கும் இருமலும் காய்ச்சலுமாக இருந்தபோது இந்திய மருத்துவச் சங்கமே இதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள் என்று டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது.

அந்த முதல் டாக்டர் ஒன்றும் செய்யவில்லை என்கிறாய். அவர் மூன்றாம் நாள் என்று சொன்னாரே, அதுதான் வைத்தியம். காய்ச்சலுக்கு நாள் கணக்கு உண்டு. முதல் நாள் ரத்தம் எடுத்தால் டெங்குவாகவே இருந்தாலும் தட்டணு, அதாவது பிளேட்லெட், சாதாரணமாக இருக்கும், அந்தச் சீட்டைப் பார்த்து நீங்கள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் கொதிக்கும்போது இல்லை, அது விடும்போதுதான், மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள். உடம்பு குளிர்ந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று வீட்டில் நினைக்கிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, வயிறு வலித்து, வாந்தி நிற்காமல், பிள்ளை சோர்ந்து விழும். இங்கே தட்டணு எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு நம்பரைக் கேட்டுவிட்டுப் போய் பப்பாளி இலையை அரைக்கிறார்கள். கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான் என்று நான் கேட்டால் அம்மாவுக்கும் தெரிவதில்லை, பாட்டிக்கும் தெரிவதில்லை. ஒன்றுக்குப் போவது குறைந்தால் நீர் கசிந்து உடம்பு வற்றுகிறது என்று அர்த்தம், அதனால் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான் எனக்கு நம்பரைவிட அவசரமாக வேண்டியிருக்கிறது.

சரி, எதற்கும் காத்திருந்தால் போதும் என்று சொல்ல வருகிறேன் என நினைத்துவிடாதே. போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், இதை இன்னும் வீட்டில்கூட முழுசாகச் சொல்லவில்லை.

நாற்பது வயது இருக்கும், நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா, ஜவ்வாது மலை அடிவாரத்தில் வீடு. ஆறு நாள் காய்ச்சல், தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்று வந்தார். கையில் வேறோர் இடத்துச் சீட்டு, அதில் வைடல் டெஸ்ட் பாசிட்டிவ், டைபாய்டு என்று எழுதி செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி இரண்டு நாள் போட்டிருந்தார்கள். வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நாக்கைப் பார்த்தேன், வயிற்றை அழுத்திப் பார்த்தேன், சீட்டை நம்பினேன், இன்னும் இரண்டு நாள் அதே ஊசியைப் போடச் சொல்லி அனுப்பிவிட்டேன். எட்டாம் நாள் அவர் மகன் தோளில் சாய்ந்தபடி திரும்ப வந்தார், காய்ச்சல் 103. ஊசி போடத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போன எங்கள் சிஸ்டர், "சார், கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

பாவாடை நாடா கட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாகக் காய்ந்த ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பாக ஒரு வளையம். சிகரெட் நுனியால் சுட்டால் எப்படி இருக்குமோ அப்படி. தொட்டால் வலி இல்லை, அரிப்பு இல்லை. தொடையிடுக்கில் நெறி நெல்லிக்காய் அளவு வீங்கியிருந்தது. "அது நாடா ஒரசின புண்ணுங்க, அதுக்கா பாக்கறீங்க" என்றார் அந்த அம்மா.

அதற்குத்தான். ஸ்கிரப் டைபஸ். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்கள், ஆனால் மாட்டு உண்ணி இல்லை, புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுயிரின் குஞ்சு கடிக்கிறது. கடித்தது தெரியாது, பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். இரண்டாம் உலகப் போரில் பர்மா காட்டில் சிப்பாய்களைப் படுக்கப்போட்டது இதுதான். நம் பக்கத்தில் மழைக்குப் பிறகு, பனி மாதங்களில் அதிகம். இதில் முக்கியமான விஷயம், செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. அந்த அம்மா நாலு நாள் குத்திக்கொண்ட ஊசி அத்தனையும் வீண், அதில் பாதி நான் சொல்லிப் போட்டது. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று ராத்திரி ஒன்று, ஏழு நாள். சில ரூபாய் மாத்திரை. மறுநாள் ராத்திரியே காய்ச்சல் இறங்கியது, மூன்றாம் நாள் போன் செய்து, கருவாட்டுக் குழம்பு சாப்பிடலாமா என்று கேட்டார்.

இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் நுரையீரலோ சிறுநீரகமோ அடிவாங்கியிருக்கும். அப்படி முற்றிப்போனவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று, வேலூர் சி.எம்.சி. முன்னின்று கிட்டத்தட்ட 800 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வந்தது. நமக்குப் பக்கத்து ஊரில் இவ்வளவு வேலை நடந்திருக்கிறது, நான் ஒரு சீட்டை நம்பி வயிற்றோடு நிறுத்திக்கொண்டேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த வைடல் டெஸ்ட் 1896இல் வந்தது. டைபாய்டு கிருமிக்கு எதிரான சக்தி ரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். நம் ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பலருக்கும் அது கொஞ்சம் இருக்கும், வேறு காய்ச்சலில்கூட ஏறிக் காட்டும். டைபாய்டா என்று உறுதியாகத் தெரிய ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும், அதையும் ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும், செலவும் கூட. வைடல் சாயங்காலமே சீட்டாகக் கைக்கு வந்துவிடும், நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தால் வந்தவர்களுக்கும் ஒரு திருப்தி. அதனால்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் என்றால் ஆண் பெண் யாராக இருந்தாலும் திரைக்குப் பின்னால் போய் அக்குள், மார்புக்குக் கீழே, இடுப்பு, தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்கிறேன். பெண்களுக்கு சிஸ்டர் கூட இருப்பார். எல்லோருக்கும் அந்தப் பொருக்கு இருக்காது, ஆனால் தேடினால்தானே தெரியும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் பிடிக்கிறது, வெளியே முணுமுணுக்கிறார்கள், இரண்டு குடும்பங்கள் எதிர்த் தெரு கிளினிக்குக்குப் போய்விட்டதாக சிஸ்டர் சொன்னார். போகட்டும். ஊசிக்குக் காசு கொடுக்க யாரும் யோசிப்பதில்லை, உட்கார்ந்து பார்ப்பதற்குக் கொடுக்கத்தான் யோசிக்கிறார்கள், நீ உள்பட. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அப்புறம், மருமகளிடம் ஒன்றைச் சொல். பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. பாட்டிலைப் பார்க்காமல் பழைய கணக்கில் மூடியில் ஊற்றிக் கொடுத்தால் ஒன்று பாதி போகும் அல்லது இரண்டு மடங்கு போகும். பையன் 18 கிலோ என்றால் 250 சிரப்பில் ஒரு தடவைக்கு 5 மில்லி, ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். மழைக்காலக் காய்ச்சலில் இபுப்ரோஃபென், மெஃபனமிக் கலந்த சிரப் எதையும் தொடாதீர்கள், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு வரலாம். வீட்டில் மீதி இருக்கிற பாட்டில்களை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பு, எதை வைக்கலாம், எதைத் தூக்கிப் போடலாம் என்று சொல்கிறேன்.

அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் அந்த 300 ரூபாய் டாக்டரிடமே போ. பொங்கலுக்கு இரண்டு நாள் அங்கே வருகிறேன், முழங்கால் எக்ஸ்ரேயை எடுத்து வை, காலையில் சேர்ந்தே நடக்கலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்