துப்பாக்கி தரப்படாத வீரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

1942 ஜூன் 21 அன்று லிபியாவின் டோப்ரூக் ஜெர்மானியரிடம் வீழ்ந்தது பற்றிய உங்கள் கட்டுரையில் தென்னாப்பிரிக்க இந்தியர்களான நம்மவர்கள் பேச்சே இல்லை. தென்னாப்பிரிக்கப் படையில் இருந்த இந்திய மலாய்ப் படைப்பிரிவின் பெயரையாவது போட்டிருக்கலாம். அதில் லாரி ஓட்டியவர் என் அப்பா. வெள்ளையரல்லாதாரிடம் துப்பாக்கி கொடுக்க பிரதமர் ஸ்மட்ஸின் அரசுக்கு மனமில்லை; குண்டு என்னவோ நிறம் பார்த்து விழவில்லை.

சிறைமுகாமிலிருந்து மீண்டு, டர்பனில் தச்சுவேலை பார்த்தார். அவர் செய்த அலமாரியில் ஆணித்தலை தெரியாது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழு வாழிடச் சட்டம், டர்பனின் ‘கேட்டோ மேனர்’ பகுதியிலிருந்து எங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு விரட்டியபோது, வாசல் கதவைக் கழற்றித் தோளில் ஏற்றிக்கொண்டார். "மண்ணைத்தானே கேட்டான், மரத்தைக் கேட்கலையே!"

தைப்பூசக் காவடிகளுக்குக் கூலி வாங்கமாட்டார். வற்புறுத்தினால் அம்மாவைக் கைகாட்டுவார். அம்மா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்வார்.

ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த்