சாவியோடு போகும் துப்பாக்கி: டெக்சஸ் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

டெக்சஸில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு நண்பரின் காரில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். டிஷ்யூ தேடி முன்னால் இருந்த கிளவ் பாக்ஸைத் திறந்தேன். இன்சூரன்ஸ் தாள், ஆயில் மாற்றிய பழைய ரசீது, இரண்டு கெட்சப் பொட்டலம். அவற்றுக்கு மேல் ஒரு கைத்துப்பாக்கி. அதற்கு ஓர் உறைகூட இல்லை.

"என்னண்ணே இது?"

"அதுவா, ராத்திரி லேட்டா பெட்ரோல் போட நிறுத்தினா பயமா இருக்குப்பா. ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"தம்பி இதே காரைத்தானே ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறான்?"

"அவனுக்குத் தெரியும். தொடமாட்டான்."

அண்ணன் பொறுப்பான மனிதர். வீட்டில் இன்னொரு துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். காரில் இருப்பதை மட்டும் அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. காரைப் பூட்டித்தானே வைக்கிறேன் என்கிறார். அந்தப் பூட்டின் சாவி தம்பியின், அதாவது அவருடைய பதினாறு வயது மகனின், பாக்கெட்டில் இருக்கிறது.

அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நம் சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் தடுமாறுகிறது. டெக்சஸில் 2007 முதல் சொந்தக் காருக்குள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள பெரியவர்கள் வெளியில் எடுத்துச் செல்லவும் தேவையில்லை. பிள்ளைகளுக்காக 1995இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. தோட்டா போட்ட துப்பாக்கி குழந்தையின் கையில் கிடைக்கும்படி அலட்சியமாக விட்டால் குற்றம். அபராதம் 500 டாலர் வரை. குழந்தை அதைச் சுட்டு யாராவது இறந்தாலோ படுகாயமடைந்தாலோ ஓராண்டு வரை சிறை. ஆனால் இந்தச் சட்டத்தின் கணக்கில் "குழந்தை" என்றால் 17 வயது நிரம்பாதவர்.

நம் பிள்ளைகள் தனியாக ஓட்ட லைசென்ஸ் வாங்குவது எப்போது? பதினாறில். பிள்ளை சாவியை வாங்கிக்கொண்ட ஒரே வருடத்தில் சட்டம் கையை விரித்துவிடுகிறது. தோட்டா தனியாக, துப்பாக்கி தனியாக அதே காரில் கிடந்தால் அந்த ஒரு வருடத்துக்கும் பதில் இல்லை. 18 வயதுக்குக் கீழே கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1994இன் மத்தியச் சட்டம் சொல்கிறது, உண்மைதான். அது வைத்திருக்கும் பிள்ளையைப் பிடிக்கும். காரில் விட்டுவைத்த அப்பாவைக் கேட்காது. மான் வேட்டை சீசனில் பிக்கப்பின் பின்சீட்டில் கிடக்கும் ரைஃபிளுக்கு அதுவும் பொருந்தாது.

ஹூஸ்டனிலிருந்து கால்வெஸ்டன் போகும் வழியில் இருக்கிறது சான்டா ஃபே. 2018 மே 18 அன்று அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் எட்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு வயது 17. கையில் இருந்தவை அப்பாவின் ஷாட்கன்னும் ரிவால்வரும். 17 என்பதால் 1995 சட்டம் அந்த வீட்டு வாசலைக்கூடத் தொடவில்லை. பலியானவர்களின் குடும்பங்கள் போட்ட சிவில் வழக்கில் 2024 ஆகஸ்டில் ஜூரி பெற்றோரைப் பொறுப்பாக்கவில்லை. சம்பவம் நடந்த 2018 மே மாதமே கவர்னர் அபட் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்புத் திட்டத்தில், 17 வயதினரையும் சேர்க்கலாம், தோட்டா இல்லாத துப்பாக்கியையும் சேர்க்கலாம் என்ற யோசனை இருந்தது. துப்பாக்கி உரிமையை விட்டுக்கொடுக்காத கவர்னரின் திட்டத்திலேயே இருந்த யோசனை அது! சட்டமாகாமல் நின்றுபோனது.

மற்ற மாநிலங்களையும் பார்த்தேன். ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை விட்டுப் போனால் டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோதான் வைக்கவேண்டும் என்கிறது கலிஃபோர்னியா, 2017 முதல். கிளவ் பாக்ஸைப் பூட்டிய பெட்டியாக அங்கே ஏற்பதில்லை. கொலராடோவில் 2025 ஜனவரி முதல் கண்ணில் படாத, பூட்டிய பெட்டி கட்டாயம். நல்ல சட்டங்கள்தான். ஆனால் இரண்டையும் படித்தபோது எனக்குத் தோன்றியது, காரைப் பற்றிய சட்டம் திருடனை நினைத்து எழுதப்படுகிறது, பிள்ளைகளைப் பற்றிய சட்டம் வீட்டு அலமாரியை நினைத்து எழுதப்படுகிறது. சாவியோடு காருக்குள் உட்காரும் பிள்ளை இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறான். டிக்கியைத் திறப்பதும் அதே சாவிதானே?

"நம்ம பிள்ளை தொடாது" என்று சொல்லும்போது நம் ஊரில் வளர்ந்ததை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் அம்மா போட்டு வைத்த சில்லறை எவ்வளவு என்று நமக்குத் தெரியாதா? சரி, உங்கள் பிள்ளை தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பின்சீட்டில் ஏறும் மூன்று நண்பர்கள்?

இன்னொன்று, எனக்குத் தூக்கம் போவது இதை நினைத்துத்தான். வேகத்துக்காக உங்கள் மகனை போலீஸ் நிறுத்துகிறது. லைசென்ஸ், இன்சூரன்ஸ் கேட்கிறார்கள். பதற்றத்தில் அவன் கை போகும் இடம் கிளவ் பாக்ஸ். ஜன்னல் ஓரம் நிற்கும் அதிகாரியின் கண்ணுக்கு முதலில் படுவது இன்சூரன்ஸ் தாளா?

பேசக் கூச்சப்படும் விஷயம் ஒன்றும் உண்டு. மார்க், கல்லூரி, காதல் என்று ஏதோ ஒன்றில் மனம் உடைந்த பிள்ளை போய்த் தனியாக உட்காரும் இடம் பெரும்பாலும் கார்தான். அந்த வேதனை சில மணி நேரத்தில் தணிந்துவிடக்கூடும். துப்பாக்கி அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. பிள்ளை வாடியிருப்பதாகத் தோன்றினால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், எந்நேரமும் பேசுவார்கள். துப்பாக்கியை அன்றைக்கே வீட்டையும் காரையும் விட்டு வெளியேற்றுங்கள்.

சட்டமன்றம் 2027 ஜனவரியில் கூடுகிறது. உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கும் செனட்டருக்கும் ஒரு போன், ஒரு கடிதம். நம் சங்கங்களில் பொங்கல் விழாவுக்கு எத்தனை பேரைக் கூட்டுகிறோம், இதற்கு ஒரு மேசை போட முடியாதா? 18 வயது வரை சேர்க்கச் சொல்வோம். தோட்டா இல்லாததையும் சேர்க்கச் சொல்வோம். பிள்ளை கையில் சாவி இருக்கும் பூட்டு, பூட்டு என்ற கணக்கில் வராது என்று காரின் பெயரைச் சொல்லியே எழுதச் சொல்வோம். குடியுரிமை இல்லாதவர்களும் பேசலாம். நம் பிள்ளைகள் இந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

கோயிலிலிருந்து திரும்பும்போது அண்ணனிடம் இவ்வளவையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் ஓட்டினார். அப்புறம், "பெட்டி எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். எண் போட்டுத் திறக்கும் சிறிய இரும்புப் பெட்டி, சீட்டின் அடிக்கம்பியோடு பிணைக்க ஒரு ஸ்டீல் கேபிள். வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை அவர் கராஜில் மாட்டப் போகிறோம். எண்ணைத் தம்பிக்குச் சொல்வதில்லை என்று பேசியாகிவிட்டது. தன் காரில் இப்படி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் எழுதுங்கள், உங்களுக்கும் வந்து மாட்டித் தருகிறேன்.

அன்புடன்,
ஹூஸ்டன் பக்கத்திலிருந்து ஒரு அப்பா